டச்சு வாசிப்பு வகுப்பு: சேரலாமா?

பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது, வாசிக்க மட்டும் சொல்லித்தருவோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டு ஆரம்பிக்கிற மொழி வகுப்புகள் பல்கலைக்கழகங்களில் உண்டு. வரலாறு, கலை வரலாறு, இறையியல், தத்துவம் மாதிரித் துறைகளில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மூல நூல்களைப் படிக்கத் தெரிந்தால் போதும், கடையில் பேரம் பேசத் தெரிய வேண்டியதில்லை என்பது கணக்கு. நெதர்லாந்தில் நான் முடித்த டச்சு வாசிப்பு வகுப்பு அந்த வகை. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குத் தீர்ப்பு இதுதான்: அச்சில் வந்த, கடந்த நூறு நூற்றைம்பது ஆண்டு டச்சைப் படிக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் சேருங்கள், கொடுத்த காசுக்கும் நேரத்துக்கும் மோசமில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆவணங்கள்தான் உங்கள் இலக்கு என்றாலும் சேருங்கள், ஆனால் இது பாதி வழியில் இறக்கிவிடுகிற பஸ் என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள். மீதி தூரத்துக்கு வேறு ஏற்பாடு நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும், அது எவ்வளவு தூரம் என்பதை வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தமிழ் ஆளுக்கு டச்சு எதற்கு என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் தொடங்கி 1799-ல் முடிந்த கதை. அதில் பெரும்பகுதி காலம் அவர்கள் நம் கரையில் இருந்தார்கள். முதலில் பழவேற்காடு தலைமையிடம். 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து, 1690-ல் தலைமையிடத்தையே அங்கே மாற்றிக்கொண்டு, 1781-ல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை கணக்கெழுதிக்கொண்டே இருந்தார்கள். நெசவாளருக்குக் கொடுத்த முன்பணம், எந்த ஊர்த் துணி எந்தக் கப்பலில் ஏறியது, யார் கடனைத் திருப்பவில்லை, எந்த வியாபாரி எந்த அதிகாரியோடு சண்டை, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஹேக் நகரில் உள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனி ஆவணங்கள் மட்டும் வரிசையாக அடுக்கினால் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். இது போக ஜகார்த்தாவில், கேப் டவுனில், கொழும்பில் இருப்பவை தனி. நம்ம எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே டச்சு ஆவணங்கள் உண்டு, அதில் நிறைய கொச்சியிலிருந்து வந்தவை. இலங்கையில் காணி உரிமைக்கும் குடும்ப விவரத்துக்கும் அவர்கள் எழுதிவைத்த தோம்புகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பொன். இதையெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்த துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால், யாரோ ஒருவர் முக்கியம் என்று நினைத்துப் பொறுக்கியதைத்தான் நாமும் முக்கியம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

வகுப்பில் எல்லோரும் என்னை மாதிரி ஆட்கள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்களைப் படிக்கிற கலை வரலாற்றுக்காரர்கள் நிறைய, இறையியல் படிக்கிற ஒரு கொரியர், இந்தோனேசியாவிலிருந்து வந்த சட்ட வரலாற்று மாணவி ஒருவர். அவர் நிலைமை என்னுடையதைவிட நியாயமானது, அவர் ஊர்ச் சட்டங்களில் கணிசமான பகுதி டச்சில் பிறந்தவை. அவருடைய மூல நூல்கள் எல்லாம் அச்சில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. ஒரே வகுப்பு, ஒரே கட்டணம், ஆனால் அவருக்குக் கிடைத்த லாபம் எனக்குக் கிடைத்ததைப்போல இரண்டு மடங்கு என்றுதான் சொல்வேன்.

சரி, வகுப்பு எப்படி நடக்கிறது? வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு செமஸ்டர். பாடநூல் என்று ஒன்று பெயருக்கு உண்டு, உண்மையில் எல்லாம் 'ரீடர்' என்று அங்கே சொல்கிற நகல் கட்டில்தான் நடக்கும். முதல் வகுப்பிலேயே செய்தித்தாள் கட்டுரை ஒன்றை நீட்டிவிடுகிறார்கள். அகரவரிசை, வணக்கம், உங்கள் பெயர் என்ன, எதுவும் கிடையாது. ஆங்கிலம் தெரிந்தவர் என்ற தைரியத்தில் ஊகித்துக்கொண்டே போகச் சொல்கிறார்கள், ஆச்சரியம் என்னவென்றால் ஊகம் வேலை செய்கிறது. தண்ணீர், கை, கப்பல், புத்தகம் என்று அடிப்படைச் சொற்கள் பாதி ஆங்கிலத்துக்கு அண்ணன் தம்பி முறை. பிறகு இலக்கணம், அதுவும் வாசிப்புக்கு வேண்டிய அளவு மட்டும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'டெ' வருமா 'ஹெட்' வருமா என்று பேச்சு வகுப்பில் மனப்பாடம் செய்து சாகிறார்கள், இங்கே அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். எழுதப் போவதில்லை, பக்கத்தில் எது இருந்தாலும் புரிந்தால் சரி. இந்த இரக்கமில்லாத சிக்கனம்தான் இந்த வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆசிரியையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அங்கே வழக்கம் அது. எனக்கு நாக்கு எழவேயில்லை, 'மேடம்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். அவர் முறை எளிமையானது. ஒரு பத்தியைக் கொடுத்தால் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. முதலில் பென்சிலை எடுத்து வினைச்சொல் எல்லாவற்றையும் வட்டம் போட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வட்டத்துக்கும் செய்தவர் யார் என்று கோடு இழுக்க வேண்டும். இது முடிந்த பிறகுதான் அகராதியைத் திறக்கலாம். ஆரம்பத்தில் சின்னப்பிள்ளை வேலை மாதிரித் தெரிந்தது, ஆனால் டச்சுக் கல்விக்கூட உரைநடையில் ஒரு வாக்கியம் ஏழு வரிக்கு ஓடும்போது அந்த வட்டங்கள் இல்லாவிட்டால் தொலைந்தோம்.

காரணம் இதுதான். டச்சில் சில வினைகள் இரண்டு துண்டாக உடைந்து நிற்கும். 'ஸ்டெல்லென்' என்றால் பொதுவாக வை, நிறுத்து என்கிற மாதிரிப் பொருள். அதோடு ஒரு சின்ன முன்னொட்டு சேர்ந்தால் ஒத்திப்போடு, முன்மொழி, உறுதிசெய், நியமி என்று ஆளே மாறிவிடும். வாக்கியத்தில் வரும்போது அந்த முன்னொட்டு கழன்றுபோய்க் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆளுநர் அந்த விஷயத்தை, இன்னின்ன காரணங்களால், இன்னாருடைய கடிதத்தைப் பார்த்த பிறகு, என்று நாலு வரி படித்துவிட்டு, கடைசியில் 'அவுட்' இருந்தால் ஒத்திப்போட்டார், 'ஃபோர்' இருந்தால் முன்மொழிந்தார், 'ஃபாஸ்ட்' இருந்தால் முடிவுசெய்தார். ஒரு அசையை விட்டுவிட்டால் ஆளுநர் செய்யாத வேலையைச் செய்ததாக உங்கள் ஆய்வேட்டில் எழுதிவிடுவீர்கள்.

இங்கே தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பக்கத்தில் இருந்த அமெரிக்கர்கள் எல்லாம் டச்சுத் துணைவாக்கியத்தில் வினை கடைசியில் வருவதைப் பார்த்து அலுத்துக்கொண்டபோது எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. "தாட் ஹெட் ஸ்ஹிப் நொக் நீட் ஆன்ஹெகோமென் வாஸ்." கப்பல் இன்னும் வந்துசேர்ந்திருக்கவில்லை என்பது. முதலில் நிற்கும் அந்த 'தாட்' நம்முடைய 'என்று'. அதைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிட்டால் கப்பல், இன்னும், வந்துசேர்தல், இருந்தது என்று மற்றதெல்லாம் கிட்டத்தட்ட நம் வரிசையிலேயே வரும். தனிவாக்கியத்தில் இந்தச் சுகம் கிடையாது, அங்கே வினை இரண்டாவது இடத்துக்கு ஓடிவிடும். ஆனாலும் நீளமான வாக்கியங்களில் முடிவு வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிற பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய விஷயம்.

செமஸ்டர் பாதியில் டச்சு வரலாற்றாளர் யோஹான் ஹாய்சிங்காவின் உரைநடையில் ஒரு பக்கம் வந்தது. இடைக்கால ஐரோப்பாவைப் பற்றி 1919-ல் அவர் எழுதிய புத்தகத்துக்காகத்தான் உலகம் அவரை அறியும், ஆனால் 1897-ல் அவர் முனைவர் பட்டத்துக்கு எழுதியது சம்ஸ்கிருத நாடகத்தில் வரும் விதூஷகனைப் பற்றி. இதை வகுப்பில் நான்தான் சொன்னேன், ஓவியக்காரர்களுக்கு அன்றைக்கு முழுக்க ஆச்சரியம். அவர் உரைநடை நகை போட்டுக்கொண்டு நடக்கும், வாக்கியத்தைப் பிரித்து மேய்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு வகுப்பு முழுசாகப் போகும். ஆனால் அந்தப் பக்கம் முடிந்ததும், இனி இருபதாம் நூற்றாண்டு டச்சுக் கட்டுரை எதுவாக இருந்தாலும் அகராதியோடு உட்கார்ந்து படித்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்தது, வந்த நம்பிக்கை பொய்யுமில்லை. இன்றைக்குக் கோரமண்டல வணிகத்தைப் பற்றி டச்சில் வந்த ஆய்வுக் கட்டுரையை நான் படிக்கிறேன், மெதுவாகத்தான், ஆனால் படிக்கிறேன். ஒரு செமஸ்டருக்கு இதற்குமேல் யாரும் தர முடியாது.

உபரி லாபம் ஒன்று: வீட்டுக்கு வரும் நகராட்சிக் கடிதங்களும் வரித்துறையின் நீல உறைகளும் புரிய ஆரம்பித்துவிடும். ஆனால் அந்த வரித்துறைக்குப் போன் செய்தால் வாயைத் திறக்க முடியாது, மறுபடி ஆங்கிலம்தான். அங்கேயே வாழப்போகிறவர்கள் இந்த வகுப்பை நம்பி வராதீர்கள், அதற்கு வேறு வகுப்பு.

இனி திட்டு.

முதல் குறை, வந்து உட்கார்ந்த எல்லோருக்கும் ஜெர்மன் தெரியும் என்று அவர்களாகவே முடிவுசெய்துகொள்வது. "இது ஜெர்மனில் உள்ளதைப் போலத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஐரோப்பியக் கலைப் புலத்து ஆய்வு மாணவர்களிடம் அது பலிக்கும். எனக்கும் கொரியருக்கும் இந்தோனேசிய மாணவிக்கும் அது விளக்கமே இல்லை. மூன்று பேரும் சேர்ந்து கேட்ட பிறகு ஆசிரியை தனியாக ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தார், அது நல்ல தாள். ஆனால் ஆசியாவிலிருந்து வருடா வருடம் ஆள் வருகிற ஒரு வகுப்பில் அது கேட்காமலே இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறைதான் பெரிது. பழைய டச்சுக்கு அவர்கள் ஒதுக்கியது கடைசி இரண்டு வகுப்பு. அதில் ஒன்று, 1947-க்கு முன்னால் இருந்த எழுத்துக்கூட்டல் எப்படி மாறியது என்று விளக்குவதில் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒன்றில் பதினேழாம் நூற்றாண்டு. ஒரு மணி நேரத்தில் பதினேழாம் நூற்றாண்டு! அதில் சொல்லாமல் விட்டவை பிற்பாடு ஆவணத்தில் என்னைக் கடித்தன.

ஒரு உதாரணம். இன்றைய டச்சில் 'என்' என்றால் 'உம்', 'மற்றும்'. எழுதிப் பார்த்தால் நம்ம 'என்' மாதிரியே இருக்கிறதே என்று வகுப்பில் சிரித்தோம். பதினேழாம் நூற்றாண்டில் அதே 'என்' எதிர்மறையோடும் ஒட்டிக்கொண்டு வரும். "நீட் என் இஸ்" என்று இருந்தால் அது வெறும் 'இல்லை', இரண்டு சொல்லால் சொன்ன ஒரே இல்லை. புதுசாகப் படிக்கிறவர் கண்ணுக்கு அது 'மற்றும்' என்று பட்டு, இல்லாத இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடும். இது ஏதோ மூலையில் கிடக்கிற அபூர்வம் இல்லை, கம்பெனிக் கடிதங்களில் சாதாரணமாகக் கண்ணில் படுகிற விஷயம்.

எண்களும் அப்படித்தான். 'டெர்டஹால்ஃப்' என்று வரும். சொல்லைப் பிரித்தால் மூன்றாவது, பாதி. மூன்றரை என்று எழுதத்தான் கை போகும், ஆனால் பொருள் இரண்டரை, மூன்றாவது மட்டும் பாதி என்பது கணக்கு. துணி மூட்டைக் கணக்கில் இதைத் தப்பாகப் படித்தால் மொத்த வணிகமும் வீங்கிவிடும். தேதியில் 8 போட்டுப் பக்கத்தில் 'பெர்' என்று எழுதியிருந்தால் அது ஆகஸ்ட் இல்லை, அக்டோபர். 7 என்றால் செப்டம்பர், 9 என்றால் நவம்பர், பத்துக்கு ரோமன் எக்ஸ் போட்டால் டிசம்பர், லத்தீன் எண்ணிக்கைப்படி. பருவக்காற்றை நம்பி ஓடிய கப்பலைப் பற்றி எழுதும்போது ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். இதெல்லாம் அரைப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடக்கூடிய விஷயம், அதுதான் ஆத்திரம்.

அப்புறம் கையெழுத்து. இது இந்த வகுப்பின் பொறுப்பு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பழைய கையெழுத்து வாசிப்பு என்பது தனிப் பாடம், அந்தக் கால 'ஹெச்' வரிக்குக் கீழே வாலை இழுத்துக்கொண்டு போகும், 'இ' (e) தலைகீழாகத் திரும்பி நிற்கும், சுருக்கெழுத்து வேறு. ஆனால் வாசிப்பு வகுப்பின் அறிவிப்பில் "ஆவண ஆராய்ச்சிக்கு உங்களைத் தயார்செய்யும்" என்று போட்டுவிட்டு இப்படி ஒரு தனிப் பாடம் தேவை என்பதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

இந்த விஷயத்தில் ஒழுங்காக யோசித்தது லெய்டன் பல்கலைக்கழகம் என்று தோன்றுகிறது. 2000-களின் தொடக்கத்தில் டானாப் என்ற திட்டத்தின்கீழ் ஆசியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் இளம் வரலாற்றாளர்களை அழைத்து, மொழியையும் பழைய கையெழுத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்து முனைவர் பட்டம்வரை கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு என்கம்பஸ், காஸ்மோபோலிஸ் என்று வேறு பெயர்களில் அதே வழி தொடர்ந்தது. நான் அங்கே படித்தவன் இல்லை. ஆனால் அந்த வழியில் வந்தவர்கள் எழுதிய புத்தகங்களைப் படித்தால் மொழியும் ஆவணமும் ஒன்றாகப் போனால் என்ன கிடைக்கும் என்று தெரிகிறது. கம்பெனி ஆவணம்தான் வேண்டும், இன்னும் எங்கேயும் சேரவில்லை என்றால் முதலில் அந்த மாதிரி இடத்தை விசாரியுங்கள்.

வகுப்பு விட்ட இடத்திலிருந்து மேலே போக எனக்கு உதவியவை எல்லாம் இணையத்தில் இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். முதலில் பெரிய டச்சு அகராதி. முதல் பகுதி 1864-ல் வந்து, 1998-ல்தான் முடிந்தது, ஆக நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல். 1500-லிருந்து உள்ள சொற்கள், பழைய மேற்கோள்களோடு. ஒரே ஒரு தொல்லை, தலைச்சொற்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துக்கூட்டலில் இருக்கும், பழகிவிடும். அடுத்தது கம்பெனிச் சொற்களுக்கென்றே 2000-ல் வெளிவந்த சொல்விளக்கப் பட்டியல். அதில் மலாய், போர்ச்சுகீசியம், பாரசீகம், நம் பக்கத்துச் சொற்கள் என்று டச்சு அகராதியில் அகப்படாத சரக்கெல்லாம் இருக்கும். பழைய செய்தித்தாள்களுக்கு நெதர்லாந்து தேசிய நூலகத்தின் டெல்ஃபர் தளம்.

"இப்போதான் எந்திரமே மொழிபெயர்க்கிறதே, இவ்வளவு கஷ்டம் எதற்கு" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குளோபலைஸ் என்ற திட்டத்தில் கம்பெனியின் ஆவணங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களைக் கணினியே கையெழுத்திலிருந்து எழுத்தாக்கியிருக்கிறது, சொல்லைத் தட்டினால் தேடித் தருகிறது. பழவேற்காடு என்று அவர்கள் எழுதிய விதங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினால் வந்து கொட்டுகிறது, ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் தேடியவர்கள் இதைப் பார்த்தால் அழுதுவிடுவார்கள். ஆனால் கொட்டியதில் எது உங்களுக்கு வேண்டியது என்று பொறுக்க மொழி வேண்டும். கணினி ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கும், மொழிபெயர்க்கிற எந்திரம் அந்தத் தப்பைச் சந்தேகமே படாமல் அழகான ஆங்கிலமாக்கித் தரும். படிக்கச் சுகமாக இருப்பதுதான் ஆபத்து. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் ஏதோ இடிக்கிறதே என்று உணர்கிற அளவுக்கு டச்சு தெரிந்தவருக்கு எந்திரம் நல்ல வேலைக்காரன். அந்த அளவு டச்சை இந்த வகுப்பு நிச்சயம் தருகிறது, என் கணக்கில் கட்டணம் கட்ட அது ஒன்றே போதுமான காரணம்.

தொடங்குவதற்கு ஆவணம் எல்லாம் வேண்டாம், பழைய அச்சு நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. பழவேற்காட்டில் பாதிரியாராக இருந்த அபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு நம் பக்கத்துச் சமய வழக்கங்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1651-ல் லெய்டனில் அச்சானது, பின்னிணைப்பில் பர்த்ருஹரி பாடல்கள் டச்சில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பால்டேயஸின் புத்தகம் 1672. இரண்டும் நமக்குத் தெரிந்த ஊர், தெரிந்த சடங்கு, தெரிந்த பெயர். எழுத்துக்கூட்டல் எவ்வளவு கோணலாக இருந்தாலும் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று ஊகித்துவிடலாம், வகுப்பில் கொடுத்த ஓவியர் வாழ்க்கைக் குறிப்புகளில் அந்த வசதி எனக்கு இல்லை. ஒருவேளை ஓவியக்காரர்களுக்கு இது நேர்மாறாக இருக்கும், அவரவர் சரக்கை அவரவர் கொண்டுவர வேண்டியதுதான். சொந்தத் துறைப் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்தால் ஆசிரியை வகுப்புக்கு அப்புறம் உட்கார்ந்து பார்த்துத் தருவார், இதை அறிவிப்பில் எங்கேயும் போடவில்லை, கேட்டால்தான் கிடைக்கும். கேளுங்கள்.

கட்டணம் பற்றி: அங்கேயே ஆய்வு மாணவர் என்றால் பெரும்பாலும் துறையே கட்டிவிடும், சேருவதற்கு முன்னால் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். வெளியாள் என்றால் கைக்காசு, மலிவில்லை. செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் தொடங்குகிறது, செப்டம்பர் வகுப்பில் புதியவர்கள் அதிகம் என்பதால் வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஜெர்மன் தெரியாதவர்கள் அதில் சேருவது நல்லது. தேர்வில் முன்பின் பார்க்காத ஒரு பத்தியை மொழிபெயர்க்க வேண்டும். அகராதி அனுமதி உண்டு, ஆனால் காகித அகராதி மட்டும், போனை வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். பழைய புத்தகக் கடைகளில் தேர்வு நெருங்கும்போது அது கிடைக்காது, முதல் மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.